பின் அறைக்கு எந்த ரேட்?

நாவற்குடாவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது, என் கையிலிருந்த போனில் அந்தக் கோடு விழுந்தது. காத்தான்குடியில் சற்று முன் நான் விட்டுவந்த வீட்டில், பின் அறை எரிக்கும் கரண்டைக் காட்டும் கோடு அது. சாதாரணமாக அது மேலேறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரின் மோட்டார் ஓடும்போது ஒரு மேடு, நிற்கும்போது ஒரு பள்ளம். முன்பெல்லாம் பள்ளத்திலும் ஒரு ஃபேன் சுற்றும் அளவுக்காவது ஏதாவது மிச்சம் இருக்கும். அன்று பின்னேரம் அது மேட்டிலிருந்து நேரே கீழே வந்து தரையோடு படுத்துவிட்டது.

வீதியோரம் நின்று, கரண்ட் போயிருக்குமோ என்று மற்றக் கோடுகளைப் பார்த்தேன். கீழ் வீடு ஓடுகிறது. மேல் வீடும் ஓடுகிறது. பின் அறையில் மட்டும் ஒன்றுமில்லை. யாரோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஃப்ரீசருக்குள் விளிம்பு வரைக்கும் சின்னப் பைகளில் உறையவைத்த ஐஸ் பக்கட் அடுக்கியிருந்ததும் தெரியும். கொஞ்சம் முன்புதான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

பட்டினம் போகும் பஸ் ஒன்று எனக்குப் பக்கத்தில் வேகம் குறைத்தது. நடத்துனர் கையை ஆட்டினான். நான் ஏறவில்லை. தோள்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

வீடுகளில் கரண்ட் பார்க்கும் பெட்டி மாட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது கண் மங்கிவிட்டது, ஏணியில் ஏறினால் முழங்கால் பேச்சுக் கேட்பதில்லை. வயரைக் கவ்வும் வளையத்தை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது, வைஃபை எட்டாத வீட்டில் என்ன செய்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். யூனிட்டுக்கு ரேட் போடுகிற இடத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். போன் ஆப்பில் அது ஒரு சின்னக் கட்டம். இலக்கத்தைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றும்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வயல் வட்டையில் நெல்லுக்கு மருந்தடித்திருக்கிறேன். இறால் பண்ணையில் காற்று மோட்டார் பார்த்திருக்கிறேன். கட்டாரில் கட்டடங்களுக்கு வயர் இழுத்திருக்கிறேன். சண்டைக்கு ஓடினோம், பிறகு சுனாமி அலைக்கு ஓடினோம். ஓடிப்போய் நின்ற இடத்தில் என்ன வேலை கிடைத்ததோ அதைச் செய்தேன். எந்த வேலையிலும் எனக்கு நெடுநாள் இருப்புக் கொண்டதில்லை. கட்டாரிலிருந்து திரும்பி வந்து, அடுத்து எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஏறாவூரில் ஒரு கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். சோலர் தகடும் இன்வேட்டரும் விற்பவர். கட்டணம் ஏறத் தொடங்கிய காலம். இந்தப் பெட்டிகளை வரவழைத்து வைத்துவிட்டு, மாட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

ஆப் முழுக்க இங்கிலீசு. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் பிடிபடாது. கட்டங்களை அவை இருக்கும் இடத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டேன். முதல் பிழையும் அப்படித்தான் வந்தது. பில் எந்தத் திகதியில் தொடங்குகிறது என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. நான் எல்லா வீட்டுக்கும் மாதத்தின் முதல் நாளையே விட்டுவிட்டேன். மீட்டர் பார்ப்பவர் மாதத்தின் நடுவில் வருவார், சில மாதம் பிந்தியும் வருவார். களுதாவளையில் ஒரு தோட்டக்காரர் ஒரு கையில் போனையும் மற்றக் கையில் பில்லையும் பிடித்துக்கொண்டு என்னை வழி மறித்தார்.

"இதுல பொய் சொல்றது ஆரு? நீயா, பெட்டியா?"

"ரெண்டு பேருமில்ல அண்ணே. மீட்டர் பாக்கிறவர் பிந்தி வந்திட்டார்."

"அப்ப அவரையும் புடிச்சுப் பெட்டிக்குள்ள போடு!"

திகதியை மாற்றினேன், கணக்குச் சரிவந்தது, அவர் இளநீர் வெட்டித் தந்தார். அப்படித் திருத்தக்கூடிய பிழைகளுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம்.

கடைக்காரர் எனக்குச் சொல்லித்தந்தது ஆப்பைப் பற்றி அல்ல. "வீட்டுக்குள்ள போனதும் தண்ணி கேளு," என்றார். "தாகம் இல்லாட்டியும் கேளு. அந்தத் தண்ணி எந்தக் குசினியிலிருந்து, எந்த அடுப்படியிலிருந்து வருதெண்டு பாரு. அங்க சமைக்கிற ஆளோட கதைக்காம வேலையத் தொடங்காத. முன்னால நிண்டு கதைக்கிற ஆளும் வீட்ட ஓட்டுற ஆளும் ஒராள் எண்டு நினைச்சிராத." நானும் போகிற வீடுகளில் எல்லாம் தண்ணீர் கேட்டேன். குடித்தேன். எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

காத்தான்குடி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டவர் பைசல், அந்த வீட்டின் மூத்த மருமகன், பிரதான வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். வீடு கட்டியது அவருடைய மாமனார் இஸ்மாயில், அண்ணனை அழைப்பதுபோல நான் காக்கா என்று கூப்பிடுபவர். தையல் மெஷின் திருத்திச் சம்பாதித்துக் கட்டிய வீடு. மூத்த மகள் சல்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது கீழ் வீட்டை அவள் பெயருக்கு எழுதினார். இளையவள் ரிஸ்னாவுக்காக மேலே தட்டுப் போட்டு, மாடி கட்டி, அதை அவள் பெயருக்கு எழுதினார். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கொடுத்தவர்கள் பின்னுக்குப் போவார்கள். இஸ்மாயில் காக்காவும் மனைவி ஹாஜராவும் போன பின் அறை, பழைய குசினியோடு சேர்த்துச் சாய்வாக இறக்கிய ஒரு சார்ப்பு. மேலே தகரம்.

மூன்று அடுப்பு எரிகிற அந்த வீட்டுக்கு மீட்டர் ஒன்றுதான். பில் வந்தால் ஆளுக்கு ஆள் இயன்றதைப் போட்டுக் கட்டிவந்திருக்கிறார்கள். கட்டணம் ஒரேயடியாக ஏறிய பிறகு அது நடக்கவில்லை. நான் போன அன்று பில் கதவில் ஒட்டியிருந்தது.

"ஆர் எவ்வளவு எரிக்கிறாங்க எண்டு தெரிஞ்சா எல்லாம் முடிஞ்சிரும் அண்ணன்," என்றார் பைசல்.

மாடிப்படியில் நின்ற ரிஸ்னா சொன்னாள்: "முடியிறதுக்கு ஆரு தொடங்கின? நீங்கதானே மச்சான் பில்லக் கதவுல ஒட்டி வெச்சீங்க. போறவாற ஆக்களெல்லாம் வாசிக்கட்டும் எண்டு."

"நான் என்ன, மேல ஏசி கூடாதெண்டா சொன்னன்?"

"மேல வந்து ஒரு பகல் இருந்து பாருங்க. சீமெந்துத் தட்டு. புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு."

நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் பின் அறையிலிருந்து வந்தது, பித்தளைச் செம்பில், உடைத்த ஐஸ் மிதக்க. கொண்டுவந்தவர் ஹாஜரா அக்கா. பின் வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் விற்பவர். சிவப்பு, மஞ்சள், பால் என்று மூன்று விதம். அந்த ஃப்ரீசரை அவரே பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கியிருந்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, வேறு சொத்து ஏதும் இல்லையா என்று பகிடியாகக் கேட்டேன்.

"ஏன் இல்ல? வாவிக்கரையில என்ட உம்மா எனக்குத் தந்த காணித் துண்டு ஒண்டு இரிக்கி. அதுல ஒரு அறை. வலைக்காரருக்கு வலை வெக்கக் குடுத்திரிக்கன். மகாராணி நான், தெரியாதா உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்பு அது ஒன்றுதான்.

பெட்டியை மாட்டி, மூன்று பக்கத்து வயர்களுக்கும் வளையம் போட்டேன். போனில் மூன்று கோடுகள் ஓடத் தொடங்கின. கீழ் வீடு, மேல் வீடு, பின் அறை. யார் எவ்வளவு எரிக்கிறார்கள் என்பது அத்தோடு தெரிந்துவிட்டது. அதற்குக் காசு எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. எங்கள் கட்டணம் ஏணி மாதிரி. முதல் கொஞ்ச யூனிட் மலிவு, அடுத்தது கூட, மேலே போகப் போக இன்னும் கூட. தனித்தனி மீட்டர் இருந்தால் மூன்று குடும்பத்துக்கும் மூன்று கீழ்ப்படி கிடைக்கும். இங்கே மீட்டர் ஒன்று, ஏணியும் ஒன்று. அந்த ஆப்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி ரேட் போடலாம். போட்டால்தான் காசு காட்டும். இதைச் சொல்லிவிட்டு, என்ன போடுவது என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சமனாப் போடுங்க," என்றார் பைசல்.

"அதெப்படி?" என்றாள் சல்மா. "நம்மட ரெண்டு ஃபேனுக்கும் ஒரு அயன் பெட்டிக்கும் ஏசி விலையா? ஏசியாலதானே ஏணில மேல ஏறுது."

"அப்ப நீங்க முதல்ல ஏறிட்டீங்க, நான் கடைசியா ஏறுறனாக்கும்," என்றாள் ரிஸ்னா. "நான் பிந்திப் பொறந்தா என்ட யூனிட்டும் பிந்தித்தான் பொறக்குமா ராத்தா?"

சல்மா என்னைப் பார்த்தாள். யாருடைய யூனிட் முதலில் வந்தது என்று எந்த வளையமும் சொல்லாது. எல்லோரும் ஒரே நேரத்தில்தான் எரிக்கிறார்கள். கீழ்ப்படி யாருக்கு, மேல்படி யாருக்கு என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும். இந்த வேலையில் கருவி பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்கிற இடம் அதுதான்.

அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பைசல் பள்ளிவாசலுக்குப் போனார். சல்மா உள்ளே போனாள், ரிஸ்னா மேலே போனாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின் கதவில் பிள்ளைகளின் சத்தம் கேட்டு ஹாஜரா அக்காவும் போய்விட்டார். இஸ்மாயில் காக்கா மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெயின் போர்டுக்குக் கீழே, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, மேல்படி விலை முழுக்க எங்கட பின் அறைக்குப் போடு. மிச்சத்த ரெண்டு புள்ளயளுக்கும் பங்கு."

"காக்கா, அது சரியில்ல. ஏணில மேல ஏத்துறது உங்கட அறை இல்லயே."

"சரி பிழை பாக்கவா செல்றன்? இந்தப் படிக்கட்டில ரெண்டு பேரும் முகம் பாராம ஏறி இறங்கி எவ்வளவு காலமாப் போச்சு. நாளைக்குத் தனி மீட்டர் எண்டு கேப்பாங்க. பிறகு தனி வாசல். பிறகு நடுவுல மதில். ஒரு மீட்டர் இரிக்கிற வரைக்கும் இது ஒரு வீடு, தம்பி."

"அக்காக்குச் சொல்லிட்டீங்களா?"

"அது நான் செல்றன். மீட்டர் என்ட பேர்லதானே இரிக்கி?"

மீட்டர் அவர் பெயரில்தான் இருந்தது. பில்லில் பார்த்தேன். அவர் சொன்னபடி போட்டேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பெயர் இருக்கிறவர் சொல்கிறார், சமாதானத்துக்காகச் சொல்கிறார், தன் தலையில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். மறுக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சமாதானமும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். அடுத்த பில் வந்தபோது பைசல் எனக்குப் போன் எடுத்து, "அண்ணன், வீடு அமைதியாயிட்டு," என்றார். அதே ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இன்னும் சில வீட்டுக்காரர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். ரிஸ்னா சமைத்ததைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறாளாம். சல்மா ரிஸ்னாவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறாளாம். இஸ்மாயில் காக்கா கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் போன் எல்லோருடைய கையிலும் இருந்தது. எந்தக் கோட்டுக்கு யூனிட் விலை கூடவோ, அதை அந்த ஆப் சிவப்பில் காட்டும். மாதா மாதம் பின் அறை சிவப்பு. ஏன் சிவப்பு என்று காக்காவுக்கும் எனக்கும் தெரியும். மற்றவர்கள் அன்று பேசிய ஏணியை மறந்துவிட்டார்கள். நான் ஏதோ முறைப்படி கணக்குப் போட்டிருப்பேன் என்று நம்பினார்கள். ஆள் சொல்லிப் போட்ட இலக்கம் சில மாதத்தில் பெட்டி கண்டுபிடித்த உண்மையாக மாறிவிடுகிறது. இதை நீங்கள் எத்தனையோ வீடுகளில் பார்ப்பீர்கள்.

பைசல் மறுபடி கூப்பிட்டது வெயில் உச்சத்தில் இருந்த மாதத்தில்.

"பின் அறையில எங்கயோ லீக் இரிக்கி போல. மாமிட ஃப்ரீசர் கரண்டு குடிக்கிது. நீங்க பாத்துப் பழசு எண்டு ஒரு சொல்லுச் சொன்னா வித்திரலாம். வாங்குற ஆளும் பாத்து வெச்சிரிக்கன். மாமிக்கும் வயசு போகுது, இந்த வேலை இனி என்னத்துக்கு?"

போகிற வழியில் போனைத் திறந்து அந்த வீட்டின் பழைய கோடுகளைப் பார்த்தேன். பின் அறையில் இரவு நேரத்துப் பள்ளங்கள் தரையைத் தொட்டிருந்தன. ஃபேன் இல்லை. தகரத்துக்குக் கீழே, அந்த வெயில் காலத்தில், இரண்டு பேர் ஃபேன் இல்லாமல் படுத்திருக்கிறார்கள். பகலிலும் ஃப்ரீசர் இடையிடையே நின்று நின்று ஓடியிருந்தது. அது ஃப்ரீசரின் பழுதல்ல. யாரோ கையால் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் பின் அறை வாசலில் நின்றார்கள். ஹாஜரா அக்கா மெலிந்திருந்தார். நான் கேட்காமலே தண்ணீர் தந்தார். அதில் ஐஸ் இல்லை.

"ஐஸ் முந்தி மாதிரி இறுகுதில்ல தம்பி," என்றார். "நேத்து ஒரு புள்ள பக்கட்டத் திருப்பிக் கொண்டுவந்து, 'மூத்தம்மா, இது ஐஸ் இல்ல, சர்பத்து' எண்டு செல்லுது. காசத் திருப்பிக் குடுத்தன்."

ஃப்ரீசரைப் பார்த்தேன். மூடியின் ரப்பர் இறுக்கமாக இருந்தது. மோட்டார் நல்லது. கரண்ட் எங்கும் கசியவில்லை. பார்த்து முடித்த பிறகும் பார்ப்பதுபோல அங்கேயே குனிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் சொல்ல வேண்டும்.

"செல்லு தம்பி," என்றார் ஹாஜரா அக்கா. "பழுதெண்டா குடுத்திருவம். புள்ளயளுக்குப் பாரமா இரிக்க ஏலாது. நானும் ஏலுமான வரைக்கும் குறைச்சுப் பாத்திட்டன். ஃபேனும் போடுறல்ல. எண்டாலும் சிவப்பாத்தான் காட்டுது."

இஸ்மாயில் காக்கா அவருக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மிக மெதுவாக ஆட்டினார். வேண்டாம் என்று.

மூன்று வழி இருந்தது. பழசு என்று சொல்லலாம். வீடு அமைதியாக இருக்கும், ஃப்ரீசர் போய்விடும், பின் கதவில் பிள்ளைகளின் சத்தம் நின்றுவிடும். அல்லது, எதையோ திருத்தியதாகச் சொல்லிவிட்டு, என் போனில் ரேட்டை மாற்றிவிட்டுப் போகலாம். அடுத்த மாதம் மேல் வீடு சிவப்பாகும், படிக்கட்டில் பழைய சண்டை திரும்பும். அல்லது உள்ளதைச் சொல்லலாம். டெஸ்டரைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"ஃப்ரீசர்ல ஒரு பிழையும் இல்ல," என்றேன். "ரேட்டுலதான். ஆக மேல்படி விலை முழுக்கப் பின் அறைக்குப் போட்டிருக்கு."

"ரேட்டுப் போட்டது நீங்கதானே?" என்றார் பைசல்.

"ஓம். காக்கா சொல்லிப் போட்டன்."

ரிஸ்னா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். சல்மா, "வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தீங்க," என்றார் இஸ்மாயில் காக்கா.

ஹாஜரா அக்கா கணவரின் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"நான் ஃபேன் போடாமப் படுத்தது உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"பக்கத்துலதானே நீங்களும் படுத்தீங்க."

"ஓம்."

"என்னட்டக் கேட்டிருந்தா நானே ஓமெண்டிருப்பன். புள்ளயளுக்குத்தானே. கேக்காம எடுத்திட்டீங்களே."

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ரிஸ்னா எழுந்து வந்து, "அண்ணன், மேல்படிய எனக்குப் போடுங்க, இப்பவே மாத்துங்க," என்றாள். "இல்ல, எங்களுக்குப் போடுங்க," என்றாள் சல்மா. இரண்டு பேரும் அழுதுகொண்டே, யார் மேல்படியை எடுப்பது என்று சண்டை பிடித்தார்கள். பைசல் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஹாஜரா அக்கா நான் குடித்து வைத்த செம்பை எடுத்தார்.

"ஒண்டும் மாத்த வேணாம். நீ போ தம்பி."

போனேன். அப்படித்தான் அந்த நடை தொடங்கியது.

கல்லடியில் வாடகைக்கு இருந்த அறைக்கு வரும்வரை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது எழும்பவில்லை. ஐஸ் இந்நேரம் கரையத் தொடங்கியிருக்கும், தண்ணீர் மூடியின் ஓரத்தால் கசிந்து சிவப்பும் மஞ்சளுமாகத் தரையில் ஓடும் என்று நினைத்தேன். வேலை முடிந்த வீடுகளை உங்கள் போனில் வைத்திருக்காதீர்கள். வீட்டுக்காரரின் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வழியை மூடிவிடுங்கள். திருத்தக் கை நீட்ட முடியாத வீட்டை, தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்க நமக்கு ஒரு உரிமையும் இல்லை.

நான் சொன்னது சரியா பிழையா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அன்று சொல்லாமல் விட்டிருக்க முடியாது. ஆனால், அன்று சொல்லும் நிலைமை வந்ததே முதல் நாள் மெயின் போர்டுக்குக் கீழே இரண்டு ஆண்கள் மட்டும் நின்று பேசியதால்தான். அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். ரேட் போடும் நேரத்தில் அந்த வீட்டில் ஸ்விட்ச் போடுகிற ஆட்கள் எல்லோரும் முன்னால் இருக்க வேண்டும். ஒருவர் தொழப் போயிருந்தால் காத்திருங்கள். ஒருவர் பின் கதவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தால் முடியும்வரை நில்லுங்கள். விட்டுக்கொடுக்கிற ஆள் தன்னுடையதை விட்டுக்கொடுக்கிறாரா, பக்கத்தில் இருப்பவருடையதையும் சேர்த்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். அது எந்தக் கோட்டிலும் தெரியாது.

மறுநாள் காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹாஜரா அக்கா.

"தம்பி, உனக்கு இண்டைக்கு வேலை இரிக்கா?"

"இல்ல அக்கா. சொல்லுங்க."

"வாவிக்கரையில ஒரு அறை இரிக்கெண்டு சொன்னனே, வலை வெச்சிரிந்தது. வலைக்காரர் விடியவே வலைய எடுத்து அறையக் குடுத்திட்டார். மீட்டர் இரிக்கி, என்ட பேர்ல. உள்ள வயரெல்லாம் எலி கடிச்சுக் கிடக்கு. வந்து இழுத்துத் தருவியா?"

தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். "பிள்ளைகள் என்ன சொல்றாங்க அக்கா?" என்றேன்.

"அழுறாங்க. இரவும் வந்து காலப் புடிச்சு அழுதாங்க. அவங்களோட எனக்குக் கோவமில்ல, வந்து போகட்டும். அந்த வீடு அவங்கட வீடு. எழுதிக் குடுத்தது. நான்தான் அத மறந்து போய் இருந்திட்டன்."

"காக்கா?"

தூரத்தில் ஒரு கோழி கத்துவது கேட்டது.

"அந்த வீட்டு முத்தத்துல கதிரையப் போட்டு இரிக்கார். மீட்டரப் பாத்துக்கொண்டு இரிக்கார். விடிஞ்சதிலிருந்து அப்படித்தான்."

என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு லைட் என்றார். ஃப்ரீசருக்கு ஒரு பிளக் என்றார். அதை முதலில் போடச் சொன்னார். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்காவது ஐஸ் இறுக வேண்டும் என்றார். ஒரு ஃபேன் என்றார்.

"ஃபேன் எந்தப் பக்கம் அக்கா? உங்கட படுக்கைக்கு மேலயா?"

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நடுவுல போடு தம்பி," என்றார். "ரெண்டு பேருக்கும் காத்து வரணும்."

தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். நாவற்குடா வரும்போது போனை எடுத்து, மூன்று கோடுகளும் உள்ள அந்த வீட்டை அதிலிருந்து அழித்தேன். வாவிக்கரை அறையில் மீன் வலையின் மணம் இன்னும் போயிருக்கவில்லை. ஏணியை வைத்து ஏறி, இரண்டு சுவரிலிருந்தும் தூரத்தை அளந்து, கூரை வளை மரத்தின் சரி நடுவில் ஃபேன் கொக்கியை அடித்தேன்.